இரண்டு பெயர்க்காரி

கல்யாணத்துக்கு முன்பு அவள் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவள் பெயரோடு அப்பாவின் பெயர் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் பெயர். அடையாள அட்டையில் மாறியது, வங்கிக் கணக்கில் மாறியது, கட்டுரையிலும் மாறியது. அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை, அவள் உட்பட.

அவள் உண்ணி ஆராய்ச்சிக்காரி. மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்குமே, அந்த உண்ணி. ஒரு காய்ச்சல் கிருமி அதன் வயிற்றுக்குள் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்று தெரிந்துகொள்ள, கண்ணாடிக் குப்பிகளில் உண்ணிகளைப் பட்டினி போட்டு வைத்து வருஷக்கணக்காகக் காத்திருந்தவள். கணவருக்கும் அதே ஆய்வகம்தான், பக்கத்து மேசை. அறுத்துப் பார்ப்பது அவள், கோர்வையாக எழுதி அனுப்புவது அவர். காலையில் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாலும், நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்துவிட்டால் சண்டை மறந்துவிடும்.

அப்போதுதான் புது இயக்குநர் வந்தார். எதற்கெடுத்தாலும் எண் கேட்பதால் ஆய்வகத்தில் அவருக்கு 'மார்க் மாமா' என்று பெயர். இனி ஒவ்வொரு விஞ்ஞானிக்கும் ஒரு எண் என்றார். ஒருவருடைய பத்துக் கட்டுரைகளில் ஒவ்வொன்றையும் மற்றவர்கள் பத்துத் தடவையாவது மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எண் பத்து. இருபது கட்டுரைகள், தலா இருபது தடவை என்றால் இருபது. பதினான்குக்குக் கீழே இருப்பவர்கள் ஆராய்ச்சியை விட்டுவிட்டுச் சேவைப் பிரிவுக்குப் போக வேண்டும். எண் அதிகமாக இருப்பவர் ஆய்வகத் தலைவர். கணக்கெடுக்க ஒரு குழு போட்டார். அதற்கு அவளுடைய கணவர்தான் செயலாளர்.

அலுவலக குமாஸ்தா கணினியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மேடம், இதுல நீங்க ரெண்டு பேரா இருக்கீங்க. அப்பா பேரோட இருக்கிறவங்களுக்கு ஒன்பது. சார் பேரோட இருக்கிறவங்களுக்குப் பன்னிரண்டு."

"ரெண்டும் நான்தாங்க."

"எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியலையே. குழுச் செயலாளர் ஒரு சான்று கொடுத்தா ஒண்ணாச் சேர்த்துடுவாங்க."

அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டாள். செயலாளர் வீட்டில்தானே இருக்கிறார்! அன்று மாலையே எல்லாக் கட்டுரைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மேற்கோளையும் எண்ணி, ஒரே ஆளாகப் புதிதாகக் கணக்குப் போட்டாள். ஒன்பதையும் பன்னிரண்டையும் அப்படியே கூட்டுகிற கணக்கு அல்ல இது.

"ஏங்க, சேர்த்துப் பார்த்தா பதினெட்டு வருதுங்க!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் கை தட்டிலேயே நின்றது. "எனக்குப் பதினேழுதான்" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து அவரே பேச்செடுத்தார். "இங்க பாரும்மா, நான் கையெழுத்துப் போட்டா நல்லா இருக்காது. பொண்டாட்டிக்கு எண்ணை ஏத்திக் கொடுத்துட்டான்னு நாலு பேர் பேசுவாங்க."

"ஏத்திக் கொடுக்கிறதா? நான் எழுதினது நான் எழுதினதுதான்னு சொல்றதுக்கா?"

"எனக்குப் புரியுது. ஊருக்குப் புரியணுமே."

அவள் மார்க் மாமாவிடமே போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார். "உங்க வீட்டுக்காரரே போடத் தயங்குறார். நான் எந்த தைரியத்துலம்மா போடறது?"

கணக்கெடுப்புக்கு வைத்த கெடு முடிந்தது. ஒன்பது எண்காரி யாரென்று நிறுவனத்துக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு எண்காரியைச் சேவைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கணவர் ஆய்வகத் தலைவரானார். பாராட்டுக் கூட்டத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களைப் போலவே கை தட்டினாள். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்று உறைத்தது, அன்று அவர் கை ஏன் தட்டில் நின்றதென்று.

புது வேலை, வாசல் பக்கத்து அறையில் ரத்த மாதிரிகளை வாங்கி வைப்பது. சீட்டு ஒட்டியிருக்கிறதா, மூடி இறுகியிருக்கிறதா, குளிர் போகாமல் வந்திருக்கிறதா. பத்தாவது படித்த யாரும் செய்யலாம்.

ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். கணவர்தான் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அவள் அறை வாசலில் நின்றபடி அந்த அம்மாள் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்பா பெயரோடு இருந்த அவள் பெயர்.

"பட்டினி உண்ணிகளைப் பத்தி எழுதினவங்க. இங்கதானே இருந்தாங்க? அதைப் படிச்சுட்டுத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். அப்புறம் எழுதறதையே நிறுத்திட்டாங்க. உயிரோட இருக்காங்களா?"

"அவங்க இப்போ ஆராய்ச்சியில இல்ல" என்றார் கணவர்.

அவள் கையுறையைக் கழற்றாமலே வெளியே வந்தாள். "நான்தாங்க அது. இவரோட மனைவி."

பேராசிரியை அவரைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லவே இல்லையே?"

"வீட்டு விஷயத்தை எதுக்கு ஆபீஸ்லன்னு..." என்று இழுத்தார் அவர்.

தன் ஊருக்கு ஒரு வருஷம் வந்து வேலை செய்யும்படி பேராசிரியை அழைத்தார். அவள் பல மாதங்களுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள். சில வாரங்கள் கழித்து பேராசிரியையே போன் செய்தார். அவர்கள் ஊரிலும் எண் பார்க்கிறார்களாம். எந்தப் பெயரைப் போட்டாலும் அவர்கள் கேட்கும் எண் எட்டவில்லையாம், சான்று இல்லாமல் இரண்டையும் சேர்க்க முடியாதாம். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை.

விஷயம் தெரிந்த அன்று இரவு, சாப்பாடு முடிந்ததும் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இப்போ வேணா அந்தச் சான்றுல கையெழுத்துப் போட்டுடறேன்."

"இப்போ ஊர் பேசாதா?"

அவர் வேறு விஷயத்துக்கு வந்தார். "புதுசா ஒரு கட்டுரை ஆரம்பிச்சிருக்கேன். உன் குப்பிகளோட கடைசி முடிவு மட்டும் வேணும். உன் பேரையும் போடறேன்."

"எந்தப் பேரை?"

"ஏன் இப்படிக் குத்திக் குத்திப் பேசறே?"

"குத்தலைங்க. கொடுக்க ஒண்ணும் இல்ல. குப்பியில இருக்கிற பஞ்சை நனைச்சுக்கிட்டே இருக்கணும். என்னை மாத்தினதுக்கு அப்புறம் யாரும் நனைக்கல. எல்லாம் காஞ்சு செத்துப் போச்சு. உங்க ஆய்வகம்தானே? திறந்தே பார்க்கலையா?"

அவர் முகம் வெளிறியது. உண்ணிகளுக்காகவா, கட்டுரைக்காகவா, அவளுக்காகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் விட்டுப்போயிருந்தது. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தனை வருஷமாக இருவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போய் வந்தார்கள். மறுநாள் அவள் முன்னதாகவே கிளம்பி பஸ்ஸில் போனாள். அதன் பிறகு தினமும் பஸ்தான். கேட்பவர்களிடம் "எனக்கும் அவளுக்கும் நேரம் ஒத்துவரல" என்று அவர் சொல்லிக்கொள்கிறார். அவளிடம் யாராவது கேட்டால், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைக்கிறது என்கிறாள்.