போனோடு நின்ற பூட்டு

திண்டிவனம் டிராக்டர் ஷோரூமில் காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. விற்பனை இலக்கு காட்டும் பெரிய டிவியில் மணியடித்து ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. 'இன்று: பிரபாவதி, வளைகாப்பு.' பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் பிரபாவதிக்கு முதலில் உறைத்தது.

கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம், மார்ச் மாதத்தில் ஒரு காலை இரண்டு கோடு தெரிந்தது. மூன்று மாதம் முடியும்வரை பெற்ற தாயிடம்கூடச் சொல்வதில்லை என்று அவளும் புருஷன் இனியவனும் பேசிவைத்தார்கள். சந்தோஷம் அடங்குமா? விழுப்புரத்திலிருந்து வரும் ரயிலில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணி, ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்கு ஒரு நாளைப் போன் காலண்டரில் குறித்து, பிறர் கண்ணுக்குத் தெரியாதபடி பூட்டுக் குறியையும் தொட்டாள். மாதாமாதம் விலக்காகும் நாளை 'தலைக்கு' என்று குறிப்பதற்கும் அதே பூட்டுதான். ஆபீஸ் காலண்டரோடு அவரவர் போனை இணைக்கச் சொன்னபோது அந்தத் தைரியத்தில்தான் இணைத்தாள். போனில் போட்ட பூட்டு போனோடு நின்றுவிடும் என்று அந்தப் பாவிக்கு யார் சொன்னார்கள்? ஒன்பதாவது வாரம் எல்லாம் கலைந்துபோன அன்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அந்த நாளை அழித்தாள். ஆபீஸ் காலண்டரோ எழுதியதை வாங்கிக்கொள்ளும், அழித்ததைக் கண்டுகொள்ளாது.

மேனேஜர் சீனுவாசன் தொண்டையைச் செருமினார். விழுப்புரம் கிளைப் பொறுப்பு உனக்குத்தான் என்று ஒரு வருஷமாக அவளிடம் சொல்லிவந்தவர், ஜூலையில் அதைக் கூட வேலை பார்த்த கவிதாவுக்குக் கொடுத்தார். கேட்டதற்கு மேலிடத்து முடிவு என்றார். இப்போது ஒளிக்க எதுவும் இல்லை.

"அப்பவே பாத்தேம்மா. புள்ளத்தாச்சிக்கு எப்பிடிப் பொறுப்பு குடுக்கறது?"

"அது நிக்கலைங்க சார்."

"அதுவும் தெரியும். ஜூன்ல 'தலைக்கு'ன்னு வந்துதே."

உடம்பெல்லாம் கூசியது. எத்தனை மாதம், எத்தனை பேர், டீ குடித்துக்கொண்டே படித்தார்களோ. கூட்டத்துக்காக விழுப்புரத்திலிருந்து வந்திருந்த கவிதா வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள், அவளும் படித்தவள்தான். ஜூன் முடிந்துதானே ஜூலை வரும் என்று பிரபாவதிக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

"தெரிஞ்சுக்கினேதான் மாத்திப் போட்டீங்களா சார்?"

"இப்ப இல்லன்னா அடுத்த வருஷம் ஆவும். நீங்க ரெண்டு பேரும் சும்மா விட்டுடுவீங்களா?" யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

பெட்டி திரையிலேயே நின்றது. கம்ப்யூட்டர் பார்க்கும் கோபி மவுஸை எடுத்தான். பெட்டிக்குள் இரண்டு பொத்தான்கள்: 'முடிந்தது', 'பிறகு நினைவூட்டு'. 'முடிந்தது' மேல் அம்பைக் கொண்டுபோனவன் அவள் முகத்தைப் பார்த்தான். பாவமாக இருந்திருக்க வேண்டும். மற்றதை அழுத்தினான்.

இலக்குகள் திரும்பி வந்தன. சீனுவாசன் செஞ்சிப் பக்கத்து விற்பனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பிரபாவதி கைகளை மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு திரையின் மூலையையே பார்த்திருந்தாள். பத்து நிமிடத்தில் மறுபடி மணியடித்தது.