இருளப்பன் எஞ்சினைப் பிரித்துப்போட்ட பதினோரு நாள்

பெற்ற தாய்மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில் இருளப்பன் தன் பழைய லேண்ட் ரோவரின் எஞ்சினைப் பிரித்த திங்கட்கிழமை, அவன் மனைவி ருக்குமணியின் இதயம் நின்றது. அவள் பாட்டுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் நாடி தேடினாள், கிடைக்கவில்லை. கருவிக்கு பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள். உள்ளங்காலில் பிடித்த குளிர் நாளுக்கு அரைச் சாண் ஏறியது. தலைக்கு ஏறிவிட்டால் அப்புறம் எஞ்சின் ஓடியும் பயனில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஆகவே இருளப்பன் ஒரு தப்பும் செய்யவில்லை. பேரிங் மூடிகள் இடம் மாறாதிருக்க அவளுடைய நகப்பூச்சால் எண் போட்டான். எண்ணெய் ஓடும் துளைகளை பிரஷ் விட்டுத் துலக்கினான். போல்ட்டுகளை ஒரே மூச்சில் இறுக்காமல் மூன்று சுற்றாக முறுக்கினான்.

"என்னலா, தாலி செய்றியா?" என்றான் பக்கத்து வீட்டுத் தங்கராஜு.

பன்னிரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை, குளிர் கழுத்தில் நின்றது. எஞ்சின் தயார். டீசலை அடைத்துவிட்டு வெறுமனே சுற்றி, எண்ணெயை மேலே ஏற்றுவது ஒன்றுதான் பாக்கி. பத்து நிமிட வேலை. ராகுகாலத்துக்கு நான்கு நிமிடம் இருந்தது.

"ஆயில் ஏறட்டும்லா, கொஞ்சம் சபார், பொறு" என்றான் இருளப்பன்.

"செத்ததுதான் செத்தேன், எழுப்புறதாச்சும் நல்ல நேரத்துல எழுப்புங்க" என்றாள் ருக்குமணி, கற்பூரத் தட்டோடு.

அவன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. அவள் கன்னம் சிவந்தது. வெயிலடிக்கிறது என்று சிரித்தாள். எண்ணெய் எட்டாத பேரிங்கில் டொக் டொக்கென்று தட்டல் எழுந்தது. அதே தட்டல் அவள் நெஞ்சிலும் கேட்டது. அணைத்தால் அவள் நெஞ்சு நிற்கும். அணைக்காவிட்டால் பேரிங் தேயும். இருளப்பன் அணைக்கவில்லை. மதியம் அவள் சோறு வடிக்கும்போது எஞ்சின் இறுகி நின்றது.

"அடுத்த தடவை பஞ்சாங்கத்தைப் பாக்காதீங்க, ஆயிலைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

அவளையும் எஞ்சினையும் தேயிலை நிரை ஒன்றில் ஒரே குழியில் புதைத்தார்கள். அந்த நிரையில் பறிக்கும் கொழுந்தில் டீசல் வாடை அடிப்பதால் அதைத் தனியாக நிறுக்கிறார்கள். யாரும் காரணம் கேட்பதில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: இருளப்பனுக்குக் கல்யாணமே ஆனதில்லை.