சாக்பீஸில் எழுதிய பெயர்

ஒரு நூல் மில் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஹாக்கி அணிக்குப் புதுக் கோச்சாக, 1979 ஆடி மாதம், லாசர் ஜவ்வாது மலை முகாமுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய அறைக் கதவுப் பலகையில் மூன்று பெயர்களைக் கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். மூவரும் ஒரே வருடத்தில், ஆட்டம் தோற்ற மறுநாளே மில் விரட்டிவிட்ட கோச்சுகள். கேப்டன் சடையன் அதன்மேல் சாக்பீஸால் 'லாசர்' என்று எழுதினான்.

"இன்னாப்பா, பெயிண்ட் இல்லியா?"

"கீதுங்க சார். ஞாயித்துக்கெழம மேட்ச் முடியட்டும்."

மலையிலிருந்து இறங்கிய மூடுபனி அதற்குள் அந்த எழுத்துகளை நனைக்கத் தொடங்கியிருந்தது. லாசர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

"அத்த கதவாண்டயே வெச்சிருங்க சார்," என்றான் சடையன், மரியாதையாக. "எடுத்துக்கினு போவ சுளுவா இருக்கும்."