நீல டிரம்

எங்கள் நகராட்சி பெயருக்குத்தான் நகராட்சி. கமிஷனர் மேஜைக்கடியில் விதை மூட்டை கிடக்கும். தெருவிளக்குக்காரர் உழவை முடித்துவிட்டுத்தான் வேலைக்கே வருவார். அலுவலகக் கொட்டகையில் எது நகராட்சிச் சாமான், எது ஊர்க்காரர் சாமான் என்று கடவுளுக்கே தெரியாது. கேட்டால், "எல்லாம் நம்ம பொருள்தானே" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். குழாய்த் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை.

அன்று காலை பிளீச்சிங் பவுடர் கரைக்கிற வாளி விரிசல் விட்டிருந்தது. கொட்டகையில் கிடந்த நீல டிரம்மில் கரைத்து மேல்நிலைத் தொட்டியில் ஊற்றினேன். ஆறு மணிக்கு வால்வைத் திறந்தேன். ஆறரைக்கு, விவசாயம் பார்க்கிற என் மச்சான் வந்தார்.

"மாப்ள, இங்க ஒரு நீல டிரம் வெச்சிருந்தேனே, பாத்தியா?"

"அதுலதான் பவுடர் கரைச்சேன். ஏன்?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "பூச்சிமருந்து கலக்குன டிரம்டா அது."

"கழுவுனீங்களா?"

"கழுவுன மாதிரிதான் இருக்கு... ஞாபகம் இல்லையே."

ஓடிப்போய் வால்வை மூடினேன். மூடி என்ன பிரயோஜனம்? அரைமணி நேரத் தண்ணீர் வீடு வீடாகக் குடங்களில் நிறைந்திருக்கும். மச்சான் என் கையைப் பிடித்தார். "பொறுடா. கழுவியே இருந்துச்சுன்னா? வீணா உன் வேலை போயிடும்."

ஒரு நிமிடம் அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

வரி கட்டச் சொல்லிக் கத்துகிற மைக் ஆட்டோவை மச்சானையே ஓட்டச் சொன்னேன். "யாரும் குழாய்த் தண்ணி குடிக்காதீங்க! மருந்து கலந்திருக்கு! நான்தான் கலந்தேன்!" மைக் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிற ஜனம், குடத்தோடு வாசலுக்கு ஓடிவந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். திட்டட்டும், குடிக்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

என் வீடு கடைசித் தெரு. அங்கே தண்ணீர் எட்டுவதற்குள் மூடியிருப்பேன் என்ற நம்பிக்கையில்தான் அவ்வளவு நேரமும் கத்தினேன். வாசலில் மனைவி காலிக் குடத்தோடு நின்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நம்ம தெருவுக்குத் தண்ணி வரலையே?"

"வரலைங்க."

அவள் பின்னாலிருந்து என் ஆறு வயது மகள் எட்டிப் பார்த்தாள்.

"பால் வாங்கப் போனப்ப மொதத் தெருக் குழாய்ல நான் குடிச்சேன்பா."

என் கையிலிருந்த மைக்கில் அது தெரு முழுக்கக் கேட்டது. மச்சான் ஆட்டோவை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார். மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன்.

"தூங்காத கண்ணு. பேசிக்கிட்டே இரு."

அவளும் பேசிக்கொண்டே வந்தாள். மைக்கை அணைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. திட்டிய ஜனம் வாசல் வாசலாக நின்றது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கையில், "அப்பா, வயிறு வலிக்குது" என்றாள்.

அதையும் ஊர் கேட்டது.