போஸ்டம்மாவின் ஒரே தோட்டா

ஜூனிப்பர் வெல்ஸ் தபால் நிலையத்தில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருந்த வெல்டா ஹோஸ்கின்ஸுக்கு ஊரில் எதிரி என்று ஒருவரும் கிடையாது. ஆனால் அந்த ஆகஸ்ட் மாதம் பாதி ஊர் அவள்மேல் கடுப்பில் இருந்தது. அவள் ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள், அதுதான் காரணம். நல்லதுக்குக் காலமில்லை என்பது கலிஃபோர்னியாவின் இந்த வடகிழக்கு மூலைக்கும் பொருந்தும்.

முந்தைய வருடம், தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வழி தவறாமல் வரவேண்டும் என்று பள்ளத்தாக்கில் எல்லா வீடுகளுக்கும் புது எண் கொடுத்தார்கள். வெல்டா சும்மா இருப்பாளா? கடிதம் வாங்க வந்தவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, ஓட்டுநர் உரிமத்தில் விலாசத்தை மாற்று, மாற்று என்று உயிரை எடுத்தாள். தொல்லை தாங்காமல் முக்கால்வாசிப் பேர் மாற்றினார்கள். அதன் பிறகுதான் மாநில அரசின் புதுச் சட்டம் வந்தது. தோட்டா வாங்க வேண்டுமென்றால் கடைக்காரர் உங்கள் உரிமத்தைக் கம்ப்யூட்டரில் காட்ட வேண்டும். உங்கள் பெயரில் துப்பாக்கி பதிவாகி இருக்கிறதா, பதிவில் உள்ள விலாசமும் உரிமத்தில் உள்ள விலாசமும் ஒன்றுதானா என்று அது பார்க்கும். உரிமத்தில் புது விலாசம், துப்பாக்கிப் பதிவில் பழைய விலாசம். வெல்டாவின் சொல் கேட்டவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள்.

அவளும் மாட்டிக்கொண்டாள். ஆல்வின் ட்ரெஸ்காட்டின் கடையில் மாட்டுத் தீவனமும் தூண்டில் புழுவும் தோட்டாவும் ஒரே மேசையில் விற்பார்கள். ஆல்வின் திரையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உன் பேர்ல துப்பாக்கியே இல்லங்குது, அம்மணி."

"இருக்கறதே ஒண்ணு. அதையும் இல்லங்குதா?"

"துப்பாக்கி பழைய வீட்டுல இருக்காம். நீ புது வீட்டுல இருக்கியாம். உங்க ரெண்டு பேருக்கும் பழக்கமே இல்லங்குது."

"வீடு எங்கடா போச்சு? அதே வீடுதானே."

"என்கிட்ட கேட்டா? நான் புழு விக்கறவன்."

பின்னால் நின்ற லோவெல் பாட்ஸ் சிரித்தான். ஊரிலேயே பெரிய சோம்பேறி என்று பெயரெடுத்த பண்ணைக்காரன் அவன். அவன் கையில் இரண்டு பெட்டித் தோட்டா இருந்தது. "எனக்கு ரெண்டே நிமிஷம், போஸ்டம்மா. அட்ரஸ மாத்து மாத்துன்னு எத்தன தடவ கத்தின? நான் அசையலியே. சோம்பேறியா இருந்ததுக்கு இன்னைக்குத்தான் கூலி கெடச்சுது."

கடையில் இருந்த மற்ற நாலு பேரும் அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அதில் ஒரு கிழவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "இனிமே நீ நல்லது சொல்ல வந்தா காதுல பஞ்சு வெச்சுக்கறோம், தாயே," என்றார்.

மற்றவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். வெல்டாவுக்கு அப்படி இல்லை. கவைக்கொம்பு உள்ள ப்ராங்ஹார்ன் மான் வேட்டைக்கு அனுமதிச் சீட்டு கேட்டு வருடா வருடம் குலுக்கலுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள், இருபத்து மூன்று வருடமாக. முப்பத்தெட்டு வயதில் தொடங்கியவளுக்கு அறுபத்தொன்றில் சீட்டு விழுந்திருக்கிறது. சீட்டு ஒன்பது நாளைக்குத்தான் செல்லும். அடுத்தது விழ இன்னொரு இருபத்து மூன்று வருடம் ஆனால் அவளுக்கு எண்பத்து நான்கு. சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

முழு விசாரணை என்று இன்னொரு வழி இருந்தது. கட்டணம் கட்டி விண்ணப்பம் போட்டால் எத்தனை நாளில் பதில் வரும் என்று யாருக்கும் தெரியாது. போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் ஜாம் பாட்டில் நிறைய ஈயத் தோட்டா இருந்தது. வேட்டைக்கு ஈயம் கூடாது, செம்புதான் என்பது அதற்கும் முந்தைய சட்டம். செம்புத் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வைத்தது அவளுக்கு நினைவிருந்தது. பெட்டி இருந்தது. கணவன் ராய்ஸ் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான்.

"எத்தன இருக்கு?"

ராய்ஸ் சுவரைப் பார்த்தான்.

"யோவ், வாயத் தொற."

"ஒண்ணு."

"இருபதுல ஒண்ணா?"

"செம்பு வேற மாதிரி போகும்ல, குறி சரி பண்ணலாம்னு போனேன். ஒண்ணு இடப்பக்கம் போகுது, ஒண்ணு வலப்பக்கம் போகுது. பதினெட்டு சுட்டப்புறம்தான் பாத்தேன், குறி பாக்கற ஸ்கோப்புல திருகு லூஸு. இறுக்கிட்டு ஒண்ணு சுட்டேன், நட்டநடுவுல பட்டுச்சு. அதோட நிறுத்திட்டேன்."

"பெரிய உபகாரம்."

"தீந்தா இன்னொரு பெட்டி வாங்கிக்கலாம்னு நெனச்சேன், வெல்டா. எப்பவும் அப்படித்தானே?"

அப்படித்தான். இந்தப் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறையாக மாவும் உப்பும் வாங்கும்போதே தோட்டாவும் வாங்கிவந்தார்கள். எண்ணிச் சுட்டவர் யாருமில்லை. அதனால் அவளால் அவனை முழுசாகத் திட்டவும் முடியவில்லை.

"நெவாடா நாப்பது நிமிஷம்தானே," என்றான் ராய்ஸ். "அங்க யாரும் எதுவும் கேக்க மாட்டான்."

"வாங்கறது தப்பில்ல. இந்தப் பக்கம் கொண்டு வர்றதுதான் தப்பு."

"எல்லையில யாரு நிக்கப் போறா? முயல்தான் நிக்கும்."

"நான் இருப்பேன்ல, வண்டிக்குள்ள," என்றாள் வெல்டா.

வேட்டைக் காலம் சனிக்கிழமை தொடங்கியது. திங்கட்கிழமை தபால் பெட்டியில் ஒரு பழுப்புக் காகிதப் பொட்டலம் கிடந்தது. மேலே 'போஸ்டம்மாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து' என்று லோவெலின் கோழிக்கிறுக்கல். அவள் பிறந்தது ஜனவரியில். கையில் தூக்கியதுமே எடை சொல்லிவிட்டது. இருபது தோட்டா, அவள் துப்பாக்கிக்குப் பொருந்துகிறவை, செம்பு. கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆசை இல்லை என்று நான் சொன்னால் பொய். பிறகு எழுந்துபோய் அவனிடமே கொடுத்தாள்.

"கடை வழியா இல்லாம தோட்டா கை மாறக் கூடாது. அதுலயும் தபால்ல தோட்டா அனுப்பக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டினவ நானு. அதுக்குக் கீழேயே கொண்டாந்து போட்டிருக்க. படிக்கத் தெரியுமாடா உனக்கு?"

"தெரியும், போஸ்டம்மா. அதனாலதான் உள்ள என்ன இருக்குன்னு மேல எழுதல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தச் சோம்பேறி அவளுக்காக ஒரு காரியம் செய்ய எழுந்து நடந்திருக்கிறானே.

தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் 'பரிசீலனையில்' என்றே இருந்தது. அந்த ஒரே தோட்டாவோடு இரண்டு நாள் போய்ப் பார்த்தாள். மான்கள் முந்நூறு, நானூறு கஜத்தில் நின்றன. முன்பெல்லாம் வேறு மான் வேட்டையில் அந்தத் தூரத்தில் சுடுவாள், தவறினால் மறுபடி சுடுவாள். இப்போது மறுபடி என்பது கிடையாது. காயம் பட்ட மிருகம் ஓட, கையில் ஒன்றுமில்லாமல் தான் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். தொட்டுவிடும் தூரத்துக்கு வந்தால் ஒழிய சுடுவதில்லை என்று முடிவெடுத்தாள். வெட்டவெளியில் மூன்று மைல் தள்ளி அசைவதைக் கண்டுகொள்ளும் பிராணியிடம் அது நடக்கிற காரியமா?

ஒன்பதாவது நாள், கடைசி ஞாயிறு. ஆல்வினுக்கு விடுமுறை. விசாரணை முடிந்து ஒப்புதல் வந்தது மறு செவ்வாய்க்கிழமை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, விடுங்கள்.

ராய்ஸை வண்டியோடு மேட்டுக்குப் பின்னால் விட்டுவிட்டு, வறண்ட ஏரியின் விளிம்பில் முட்புதர்களுக்கு நடுவே அரை மைல் ஊர்ந்தாள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. இந்த மானுக்கு ஒரு பலவீனம் உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்: ஒரு பொருள் என்னவென்று தெரியாவிட்டால் அதற்கு இருப்புக்கொள்ளாது. வெள்ளையாக ஏதாவது படபடத்தால் பார்க்க வரும். நல்ல ஸ்கோப்பு வைத்திருக்கிறவர்கள் யாரும் அதைச் செய்து பார்த்ததில்லை, அவர்களுக்கு அவசியமும் இல்லை. வெல்டா ராய்ஸின் பனியனை ஒரு குச்சியில் கட்டி, படுத்தபடியே தூக்கினாள், இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த தலைகள் நிமிர்ந்தன.

முப்பது இருக்கும். கொஞ்ச தூரம் ஓடி வந்தன, நின்றன, வட்டமடித்துத் திரும்பிப் போயின. பிறகு இன்னும் கிட்டே வந்தன. அவள் குச்சியை மண்ணில் ஊன்றிவிட்டுத் துப்பாக்கியை அணைத்துக்கொண்டாள். பனியன் காற்றில் தானே ஆடியது. நூறு கஜம், ஐம்பது, முப்பது. ஒன்று மூக்கால் ஊதியது, மற்றவை பதிலுக்கு ஊதின. சோளம் வறுத்த மாதிரி ஒரு வாசனை வந்தது. அது மானின் வாசனை என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. நாற்பது வருடம் வேட்டையாடியவளுக்கு உயிரோடு இருக்கும் மானின் வாசனை தெரியாது. இதைவிட வேகமாக ஓடுகிற மிருகம் இந்தக் கண்டத்திலேயே இல்லை என்பார்கள். அது இப்போது ஒவ்வொரு காலாக, யோசித்து யோசித்து எடுத்து வைத்தது.

அவளைச் சுற்றி நின்றுவிட்டன. கறுத்த கன்னமும் கவைக்கொம்புமாக ஆண்மான் இருபது அடி தள்ளி நின்றது. ஆனால் அதன் பின்னால் இரண்டு பெண்மான்கள். குண்டு ஊடுருவிப் போகும். காத்திருந்தாள். அதன் கண் அவள் உள்ளங்கை பாதி அளவு இருந்தது. அதற்கு இமை மயிர் இருந்தது. நீளமாக, கறுப்பாக, சின்னப் பெண்ணுக்கு இருப்பது போல. அதைப் பார்த்ததும் வெல்டாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதைக் காண எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது. தோன்றியபோதும் விரல் இருந்த இடத்தில்தான் இருந்தது. இருபத்து மூன்று வருடம்.

பெண்மான்கள் ஒதுங்கின. அவள் சுட்டாள்.

ஆண்மான் நின்ற இடத்திலேயே மடிந்தது. ஒரு காலைக்கூட உதறவில்லை. மற்றவை ஏரியின் வெள்ளை மண்ணில் புழுதியாகிப் போய்விட்டன. சீட்டில் தேதியை எழுதி, சட்டப்படி கொம்பில் கட்டினாள். கழுத்தில் கை வைத்தாள். சூடாக இருந்தது. அழுதாள், அதில் அவளுக்கு வெட்கமில்லை.

நிமிர்ந்தபோது ஒரு பெண்மான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்ட மான்தான். கூட்டத்தை விட்டுவிட்டுத் தனியாக வந்தது. பத்தடியில் நின்று பனியனைப் பார்த்தது, கீழே கிடந்ததைப் பார்த்தது, கடைசியில் வெல்டாவைப் பார்த்தது. அவள் கை பழக்கத்தில் அடுத்த தோட்டாவைத் தேடிச் சட்டைப்பைக்குப் போய், வெறும் துணியைத் தொட்டுத் திரும்பியது. சுட்ட பிறகு இப்படிச் சும்மா இருந்தது அவளுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. பார்ப்பதைத் தவிர அவள் செய்ய ஒன்றும் இல்லை.

மேட்டிலிருந்து ராய்ஸ் இறங்கி வந்தான். அவள் திரும்பாமலே கையைத் தூக்கினாள். அவன் அப்படியே நின்றான்.

"விழுந்துடுச்சா?" என்றான் மெதுவாக.

"உஷ். பேசாத."

"என்ன ஆச்சு?"

"பாக்க வந்திருக்கு." அவள் பெண்மானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாப்பது வருஷமா இதுங்கள எனக்குத் தெரியும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன், ராய்ஸ்."

பெண்மான் இன்னும் ஓரடி எடுத்து வைத்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றினான்.