மறுகரை வரைக்கும்

"நல்லா அழுத்திப் பூசுங்க. அந்த ஓரத்துல வெளுப்பாத் தெரியுது பாருங்க," என்றாள் இசபெல்லா. தார் டப்பாவைச் சாக்குத் துணியால் சுற்றிப் பிடித்திருந்தாள். அப்படியும் சூடு உள்ளங்கையில் ஏறியது.

கவிழ்த்துப் போட்டிருந்த பரிசலைச் சுற்றி வந்த சவரிராயன், நசுக்கிய தென்னமட்டையைத் தாரில் முக்கி அவள் காட்டிய இடத்தில் இழுத்தார்.

"வெளுப்பு இல்ல புள்ள, அது வெயிலு. ஒனக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போடணும்."

"கண்ணாடி போட்டா ஒங்க மொகம் பளிச்சுன்னு தெரிஞ்சிரும். வேணாம்."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது அவருடைய மீசை ஒரு பக்கமாக ஏறும்.

மறுநாள் விடிந்ததும் அவர்கள் கிளம்புவதாக இருந்தது. நாகமரைக் கரையிலிருந்து தண்ணீரின் ஓரமாகவே போய், வழியில் தெரிந்தவர்கள் குடிசையில் தங்கித் தங்கி, மேட்டூர் அணை வரைக்கும் ஒரு பயணம். கல்யாணமான நாள் முதல் அந்த அணையின் தண்ணீரில்தான் அவர்கள் மீன் பிடித்தார்கள். ஏறும் தண்ணீருக்கும் இறங்கும் தண்ணீருக்கும் தகுந்தபடி குடிசையைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்கள். பிள்ளைகள் இரண்டும் அந்தக் குடிசைகளில்தான் பிறந்தன. ஆனால் இசபெல்லா அணையைப் பார்த்ததில்லை. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். சவரிராயனுக்குப் பஸ் ஆகாது. பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துவிடுவார். அவர் இல்லாமல் தனியாகப் போய்ப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை.

ஈஸ்டர் பூசை முடிந்து வெளியே வரும்போது அவரே பேச்சை எடுத்தார். "தண்ணி மேலயே போலாம் புள்ள. நீ குடையப் புடிச்சிட்டுக் குந்திக்க. ஒகேனக்கல்லு வர்ற டூரிஸ்டுங்க குந்தறாப்பல. நான் துடுப்புப் போடறன்."

இசபெல்லாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை வருஷமும் துடுப்புப் போட்டது அவள். அவர் வலை விடுவார், வலை எடுப்பார். அவர் கையில் துடுப்பைக் கொடுத்தால் பரிசல் நின்ற இடத்திலேயே ராட்டினம் சுற்றும்.

"அணைக்குப் போவமா, சுத்திச் சுத்தி வூட்டு வாசலுக்கே வருவமா?"

"அதுக்குத்தான் பாயி கட்டப் போறன். காத்தே தள்ளிட்டுப் போவும் பாரு."

சொன்னபடியே ஒரு மூங்கிலை நட்டு, அவளுடைய பழைய நைலக்ஸ் சேலையை அதில் கட்டிப் பார்த்தார். பக்கத்துக் குடிசை மாதேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, நீ அணைக்குப் போறயா, அமெரிக்காவுக்குப் போறயா?" என்று கேட்டான். அந்த வாரம் முழுக்கக் கரையில் இதே பேச்சாக இருந்தது. இசபெல்லா வெளியே அலுத்துக்கொண்டாள். உள்ளே கேழ்வரகு மாவு திரித்து வைத்தாள், கருவாட்டைத் தனியாகக் கட்டி வைத்தாள், மகள் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

தார் பூசி முடிந்ததும் சவரிராயன் நிமிர்ந்து நெஞ்சைத் தடவினார்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல. வாயு அடைக்குது. சீரகத் தண்ணி வெச்சுக் குடு. செத்த படுக்கறன்."

கருவேல மர நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். அவள் அடுப்பை மூட்டி, தண்ணீர் கொதித்ததும் ஆற்றி எடுத்து வந்தாள். கண்ணை மூடிக் கிடந்தார். வேலை இருக்கும்போது இப்படித் தூங்குவதுபோல் கிடப்பது அவருக்குப் பழக்கம். தூக்கம் பொய்யென்று மீசை காட்டிக் கொடுத்துவிடும்.

"எந்திரிங்க. நடிச்சது போதும். வலைய எடுத்து வெக்கணும், மாதேசு கிட்டச் சாவி குடுக்கணும், எல்லாம் கெடக்குது. தாரக்கூடக் கழுவாமப் படுத்துட்டீங்களே, துண்டெல்லாம் கறுப்பு. எந்த சோப்புல இது போவும்? ஏனுங்க… ஆறிரப் போவுது, குடிங்க."

டம்ளரைப் பிடித்தபடி அவள் மீசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை. பரிசல் பக்கமிருந்து தார் வாசனை வந்துகொண்டிருந்தது. அவள் குனிந்து டம்ளரைச் சிந்தாமல் மண்ணில் வைத்தாள். பிறகுதான் மாதேஸ்வரனின் மனைவி குள்ளம்மாளைக் கூப்பிட்டாள். குரல் மிகவும் மெதுவாக வந்தது. மறுபடியும் கூப்பிட வேண்டியிருந்தது.

மாதேஸ்வரன் பென்னாகரம் ஓடி ஓசூருக்குப் போன் போட்டான். மகன் யாகப்பன் அங்கே ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். காரிமங்கலத்தில் கட்டிக் கொடுத்த மகள் ராயம்மாள் கைக்குழந்தையோடு முதலில் வந்து சேர்ந்தாள். விடிந்து வெகுநேரம் கழித்து யாகப்பன் வந்தான். பேண்ட்டோடு மணலில் உட்கார்ந்து அப்பாவின் கால்களைக் கட்டிக்கொண்டான்.

குளிப்பாட்டும்போது கையிலிருந்த தார் போகவில்லை. குள்ளம்மாள் மண்ணெண்ணெய் பாட்டிலையும் துணியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உடு குள்ளம்மா," என்றாள் இசபெல்லா. "சாமிகிட்டப் போற மனுசன் மேல எதுக்குச் சீமெண்ண நாத்தம்? தாரு இருந்தா இருக்கட்டும்."

அவரது வலது கையைத் தன் மடியில் வைத்து, விரல் விரலாகத் துடைத்தாள். நகத்துக்குள் இருந்த கறுப்பை அப்படியே விட்டாள்.

கோயிலும் கல்லறையும் மறுகரையில் இருந்தன. சுற்றுப் பாதையில் போனால் மேடும் பள்ளமுமாக அரை நாள் ஆகும். தண்ணீரில் போனால் பக்கம்தான். இருந்தாலும் யாகப்பனுக்கு மனம் ஒப்பவில்லை.

"டிராக்டர் சொல்லியிருக்கன்ம்மா. பூ கட்டி மரியாதயா கொண்டு போலாம். நாளெல்லாம் பரிசல்லயே கெடந்தாரு. போறதும் பரிசல்லயேவா?"

இசபெல்லா மகனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வண்டியில போனா ஒங்கப்பாவுக்கு வாந்தி வரும்டா," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மாதேஸ்வரன் சட்டென்று சிரித்துவிட்டான். ராயம்மாளும் சிரித்தாள், சிரித்தபடியே குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். யாகப்பன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிராக்டர் வேண்டாமென்று சொல்லப் போனான்.

நால்வர் சேர்ந்து பரிசலை நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கினார்கள். தார் காய்ந்திருந்தது. ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. பாய் கட்டுவதற்காக வைத்திருந்த மூங்கிலை மாதேஸ்வரன் ஓரமாக எடுத்துப் போட்டான். சவப்பெட்டி மறுகரைக் கோயிலில் இருந்ததால் அவரை வெள்ளைத் துணியில் சுற்றி, பரிசலுக்குள் விரித்த கோரைப்பாயில் கிடத்தினார்கள். யாகப்பன் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தில் வெயில் படாமல் குடையைப் பிடித்தான். துடுப்பை எடுத்துக்கொண்டு மாதேஸ்வரன் ஏறப் போனான். இசபெல்லா கையை நீட்டினாள்.

"நான் போடறங்க்கா. நீ குந்து. இன்னிக்குமா?"

"குடு மாதேசு."

கொடுத்துவிட்டு, ராயம்மாளையும் மற்றவர்களையும் தன் பரிசலில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தான்.

முன்பக்கம் மண்டியிட்டு அவள் துடுப்புப் போட்டாள். வழக்கமாக வலை கிடக்கும் இடத்தில் அவர் கிடந்தார். பின்பரிசலில் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். தண்ணீரில் கொஞ்ச தூரம் போனதும், அடியில் பாறை இருக்கும் இடம் வந்தது. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. அங்கேதான் கெண்டை கூடும். இசபெல்லாவின் கை தானாகத் துடுப்பைத் திருப்பியது. பரிசலை ஆடவிடாமல் ஒரே இடத்தில் நிறுத்திப் பிடித்தாள். பின்னால் வலை விழும் சத்தத்துக்காகத் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"ஏம்மா நிறுத்திட்ட?" என்றான் யாகப்பன்.

"சும்மா இரு யாகப்பா," என்று பின்னாலிருந்து மாதேஸ்வரன் சொன்னான். அவனும் தன் பரிசலை நிறுத்தியிருந்தான். செபமாலையும் நின்றது. தண்ணீர் இரண்டு பரிசல்களிலும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல," என்று சொல்லி அவள் துடுப்பை மறுபடி இறக்கினாள்.

பங்குச் சாமியார் பூசை முடித்ததும் எல்லோரும் குழியில் ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். கோயில் வாசலில் யாரோ காப்பி கொடுத்தார்கள். முந்தின நாளிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் அவள் வயிற்றுக்குத் தெரிந்தது. ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

பரிசல் கிடந்த கரையோரம் வந்ததும் யாகப்பன் பக்கத்தில் நின்றான்.

"ஓசூருக்கு வந்துரும்மா."

"பாக்கலாம்."

"அணைய நான் காட்டறன். பஸ்ல போயிட்டு வந்துரலாம்."

"பாக்கலான்டா. தங்கச்சியக் கூட்டிட்டு வெயில் தாழ ரோட்டு வழியா வா. கொழந்த வெயில்ல சுருண்டு போச்சு."

"நீ?"

"பரிசல யாரு கொண்டு போறது?"

மாதேஸ்வரனின் பரிசல் ஆட்களோடு முன்னால் போயிருந்தது. இசபெல்லா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, பரிசலைத் தள்ளி ஏறினாள். இரண்டு தடவை துடுப்புப் போட்டாள். பரிசல் நேராகப் போகவில்லை. அவள் இருந்த பக்கம் தாழ்ந்து, எதிர்ப்பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழும்பி நின்றது. காற்று அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியது. அழுத்திப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் சுற்றிக் கரையைப் பார்த்து நின்றது.

கரையிலிருந்து யாகப்பன் என்னவோ கேட்டான். அவள் திரும்பி வந்து இறங்கினாள். தண்ணீரோரம் கிடந்த கற்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். தூக்க முடிந்ததில் பெரியதாக ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள். பரிசலில் கிடந்த சாக்கை மடித்து, எதிர்ப்பக்கம் அவர் உட்காரும் இடத்தில் போட்டு, கல்லை அதன்மேல் வைத்தாள். சற்று நின்று பார்த்துவிட்டு, அதைக் கொஞ்சம் தன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு ஏறினாள்.