அண்ணா என்று எழுதிவிட்டேன்

அந்தப் பெண் அவனைக் காதலிக்கிறாள் என்பது எட்டாவது பாகம் வந்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் ஏழு பாகங்களில் அவனை அவள் "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடும்படி எழுதிவிட்டிருந்தேன்.

ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. வாரத்துக்கு ஒரு பாகம்தான் அனுப்புவார்கள். கதை எங்கே போகும் என்பது பார்க்கிறவர்களைப் போலவே எங்களுக்கும் தெரியாது. மேல் வகுப்புப் பையன் ஒருவனை ஒரு மாணவி மரியாதையோடு அழைக்கிறாள். அண்ணா என்று போட்டேன். வாயசைவுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

இப்போது திரையில் ரயில் நிலையம். அவள் அழுதபடி மனதைத் திறந்து சொல்கிறாள். ஒலிப்பதிவாளர் படத்தை நிறுத்தினார். அவரை மீசை என்போம். மீசையை எடுத்து ஆறு வருடமாகிறது.

"போச்சு. ஊரே கேக்க அண்ணான்னு கூப்பிட்டுட்டு இப்ப லவ்வுன்னா, பாக்கறவங்க செருப்பைக் கழட்டுவாங்க."

"அழுகை அப்படியே இருக்கட்டும்," என்றார் மேனேஜர். "வசனத்தை மட்டும் பாசமா மாத்திடுங்க. அண்ணன் வெளியூர் போறான், தங்கச்சி அழறா. வேலை முடிஞ்சுது."

"அது முடியாது சார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மைக் முன்னால் நின்றிருந்த பெண்ணின் குரல். அந்த மாணவிக்குக் குரல் கொடுப்பவர் அவர்தான்.

"இவளுக்கு மொதல்லேர்ந்தே அவன்மேல ஆசை. ஒவ்வொரு தடவையும் அவனைக் கூப்பிடறதுக்கு முன்னாடி மூச்சைப் பிடிச்சுக்கிறா. நானும் அப்படித்தான் பேசினேன். மீசை சார்தான் இரைச்சல்னு வெட்டிட்டார்."

மீசை பழைய பாகங்களைத் தேடி ஓடவிட்டார். மூலத்தில் இருந்தது. ஒரு சின்ன மூச்சு, பிறகு அந்த அழைப்பு. ஏழு பாகத்திலும் இருந்தது.

"இருக்குதான்," என்று தலையைச் சொறிந்தார்.

"அப்ப அந்த அண்ணாவை என்ன பண்றது?" மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"அப்படிக் கூப்பிடறதே ஒளிஞ்சுக்கத்தான் சார்," என்றார் மைக் முன்னால் நின்றவர். "பக்கத்துல நிக்கணும்ல? அதுக்கு ஏதாவது ஒரு உறவு வேணும்ல? இல்லையாண்ணா?"

கடைசிக் கேள்வி எனக்கு. அந்த அறையில் அவர் அண்ணா என்று கூப்பிடுவது என்னை மட்டும்தான். என்னைவிட மூத்தவரான மீசைகூட சார்தான். மூன்று வருடமாக நான் இதைக் கவனித்து வந்திருக்கிறேன். நாற்பதை நெருங்கும் தனி ஆளுக்கு இப்படிக் கவனிப்பதற்கு நேரம் நிறைய இருக்கும். அவரும் தனியாகத்தான் இருக்கிறார்.

டீ இடைவேளையில் தாழ்வாரத்தில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"நீங்க சொன்னதையே நெனச்சுட்டிருந்தேன். என்னை நீங்க அண்ணான்னு கூப்பிடறதும்... அந்த மாதிரியா?"

அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். லிஃப்ட் மேலே போனது, திரும்பி வந்தது. அந்த மௌனத்தை எனக்குச் சாதகமாக நான் படித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைங்க," என்றார் மெதுவாக. "அது வெறும் அண்ணாதான். இங்க நான் பயமில்லாமப் பேசறது உங்ககிட்ட மட்டுந்தான். அதனாலதான்."

"சரி."

"தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்."

உள்ளே போய் ரயில் நிலையக் காட்சியை எழுதினேன். அந்த மாணவி முதல் முறையாக அவன் பெயரை மட்டும் சொல்கிறாள். 'அண்ணான்னு கூப்பிட்டா பக்கத்துல இருக்க விடுவீங்கன்னுதான் அப்படிக் கூப்பிட்டேன்' என்கிறாள்.

மேனேஜர் இரண்டு முறை படித்தார். "செருப்பு பறந்தா உங்க தலைக்குத்தான்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பதிவு தொடங்கியது. முதல் முறை வரி இடறியது. இரண்டாம் முறையும்.

"இந்த எடம் கொஞ்சம்..." என்று கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிறுத்தினார். பிறகு, "இதை யாராவது பாக்கறீங்களா?" என்று தாளைப் பார்த்தே கேட்டார். வழக்கமாக அண்ணா இல்லாமல் வாக்கியத்தைத் தொடங்காதவர், இப்போது என்னை எப்படி அழைப்பது என்று தெரியாமல் நின்றார். மூன்று வருடத்தில் அவருக்கு இங்கே இருந்த ஒரே தைரியத்தை நான் ஒரு டீ நேரத்தில் பிடுங்கிவிட்டேன்.

மீசை என் பக்கம் திரும்பினார். நான் பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"என்னம்மா, எது இடிக்குது? சொல்லு."

அவரை நான் ஒருபோதும் அப்படி அழைத்ததில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கடைசி வரி நீளமா இருக்குண்ணா," என்றார். "வாய் மூடின பிறகும் ரெண்டு வார்த்தை மிச்சம் நிக்குது."

பேனாவை எடுத்து அந்த இரண்டையும் அடித்தேன்.